மூன்றாம் மாடி, ஓர் ஆளுக்கு

மார்ச் 9, ஞாயிறு

மார்ச்சிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். பதினோரு நாள் கழித்து நல்ல தண்ணீர் வந்தது. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிறைத்து முடிக்க மணி பதினொன்றரை. பிறகுதான் இந்த நோட்டு.

இன்றைய வேலை: அவிஞோன்.  பிரான்சுக்குத் தெற்கே, ரோன் ஆற்றங்கரையில், சுற்றுமதில் இன்னும் முழுசாக நிற்கிற பழைய ஊர். ஒரு காலத்தில் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு இங்கே வந்து அரண்மனை கட்டி இருந்தார்கள். ஆற்றில் ஒரு பாலம், பாதியோடு நிற்கும். மீதியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பத்தொன்பது வருஷமாக அந்தப் பாலத்தின் படத்தைக் காட்டித்தான் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் முதல் பாடமே விடுதியில் அறை எடுப்பது. ஒவ்வொரு ஜூனிலும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், நீங்க பிரான்ஸ் போயிருக்கீங்களா?" என்று கேட்கும். "இன்னும் இல்லை." பத்தொன்பது தடவை சொல்லியாயிற்று.

இந்த மே விட்டால் கிடையாது. மகள் யாழினிக்கு ஜூனில் பதினொன்றாம் வகுப்பு, அடுத்த வருஷம் பன்னிரண்டு, அப்புறம் கல்லூரிக்கு அலைச்சல். அதற்குள் என் முட்டி என்ன கதியோ. பள்ளியில் மே 3 வரை திருத்தும் வேலை. 19ஆம் தேதி திரும்ப வந்துவிட வேண்டும். நடுவில் பதினைந்து நாள். அதில் ஏழு இரவு எனக்கு.

இவரிடம் சொன்னேன். லேத் பட்டறையைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார். வாருங்கள் என்று நான் கூப்பிடவே இல்லை, அதைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "போய்ட்டு வா அம்மணி. ஒரு வாரந்தான? யாழினிக்கு நான் தோசை ஊத்திக் குடுக்கறேன்" என்றார். ஊற்றுவார். மாவு யார் ஆட்டுவது என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். ஒன்பதாம் வகுப்புத் தாள் 41, பாக்கி 26. நடுவில் விடுதி.

அ) மதிலுக்கு வெளியே, ரயிலடிப் பக்கம். இருப்பதிலேயே மலிவு. தங்கியவர் ஒருவர் எழுதியது: பக்கத்து அறையில் தும்மினால் நமக்குக் கேட்கும். நம் வீட்டில் மட்டும் என்னவாம்.

ஆ) மதிலுக்குள், சதுக்கத்தை ஒட்டி. ஜன்னலைத் திறந்தால் அரண்மனை. விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடினேன்.

இ) மதிலுக்குள், ஒரு சந்தில். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. குளிக்க அறைக்குள்ளேயே இடம், கழிப்பறை நடையில் பொதுவாக. காலைச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு. இரவு எட்டு மணிக்கு வரவேற்பு மேசையை மூடிவிட்டுப் போய்விடுவார்கள், பிந்தி வந்தால் கதவுக்கு எண். இரவுக்கு 52 யூரோ, ஊர் வரி வேறு.

இ தான். படத்தில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பச்சைக் கதவு வைத்த ஒரு ஜன்னல். நாற்காலி ஒன்றே ஒன்று. யாராவது வந்தாலும் உட்கார இடமில்லை. அதற்காகவே பிடித்துப்போயிற்று.

விடுதிக்காரம்மாவுக்குப் பிரெஞ்சில் கடிதம் போட்டேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும், நேரம் இருந்தால் மட்டும், தங்கள் வசதிப்படி, மறுபடியும் மன்னிக்கவும். வரிக்கு வரி ஏனுங்க, வந்துங்க போட்டு எழுதினது போலப் பதினான்கு வரி. கேட்டது ஒரே விஷயம்: முட்டி வலிக்காரி மூன்று மாடி ஏற முடியுமா. பதில் மாலையே வந்தது: "முடியும். மெதுவாக." பிரான்சிலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரி எனக்கு எழுதின முதல் கடிதம். நாலு தடவை படித்தேன்.

மார்ச் 15, சனி

பதிவு செய்துவிட்டேன். மே 9 முதல் 16 வரை. பெரியவர்கள்: 1. குழந்தைகள்: 0. அந்த 1-ஐப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். ஏப்ரல் 9 வரை காசு பிடிக்காமல் ரத்து செய்யலாம். எதற்கு ரத்து, போடி.

மறக்காமல் இருக்க:
– ஊரில் இரண்டு ரயில் நிலையம். அதிவேக ரயில் வெளியே இறக்கிவிடும். அங்கிருந்து சின்ன ரயில், ஐந்து நிமிஷம்.
– வடக்கேயிருந்து காற்று அடிக்குமாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவள், பார்த்துக்கொள்ளலாம். ஸ்கார்ஃப்.
– பருப்புப் பொடி. சின்ன டப்பா.
– விசாவுக்குக் கைரேகை: சென்னை, ஏப்ரல் 4. விடுதி ரசீது, பள்ளியின் விடுப்புக் கடிதம், வங்கித் தாள்.
– விசா வந்த பிறகு விமான டிக்கெட்.

ஊரில் யாருக்கும் இப்போது சொல்வதாக இல்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒரு கேள்வி.

மார்ச் 19, புதன்

காலை 7.10. குக்கர் மூன்றாவது விசில். பெரியம்மா போன், சூலூரிலிருந்து.

சக்திக்குக் கல்யாணம் கூடிவந்துவிட்டதாம். சக்தி பெரியம்மாவின் ஒரே மகன், எனக்குத் தம்பி முறை. முப்பத்தொன்பது வயது. தோப்பும் இருக்கிறது, தறியும் இருக்கிறது, ஒன்பது வருஷமாகப் பெண் மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஜாதகமும் ஏதாவது ஒரு கட்டத்தில் போய் இடிக்கும். இப்போது தாராபுரம் பக்கம் ஒரு பெண் அமைந்திருக்கிறது. பெரியம்மா அழுதார். கரண்டியைக் கையில் பிடித்தபடி நானும் அழுதேன். சக்தியை நினைத்து அவ்வளவு சந்தோஷம்.

பிறகு: "மே பதினொண்ணு முகூர்த்தம் கண்ணு. நீதான் இணைச்சீருக்கு. வேற ஆரு இருக்கறா."

"ஆகட்டுங்க பெரியம்மா" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. நாள்காட்டி எதிரிலேயே தொங்குகிறது, 9 முதல் 16 வரை பென்சிலில் வட்டம் போட்டு. ஆகட்டுங்க.

மார்ச் 20, வியாழன்

இணைச்சீர் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முந்தின பெரிய சடங்கு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவளை அவன் பக்கத்தில் வைத்து, கூறைச் சேலையின் ஒரு முனையை அவன் கையிலும் மறுமுனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊர் முன்னால் காட்டுவது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள். சக்திக்கு அப்படி இரண்டு பேர், நானும் வனிதாவும். வனிதா சித்தப்பா மகள், முப்பத்தாறு வயது. அவள் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். புருஷன் இருக்கிறவள்தான் இந்தச் சீர் செய்யலாம் என்பார்கள். ஆக, நான் ஒருத்தி.

பார்த்த வழிகள்:
1. கல்யாணத் தேதியை மாற்றச் சொல்வது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அமைந்ததை எவள் போய்த் தொடுவாள். மண்டபமும் அந்த நாள்தான் கிடைத்திருக்கிறது.
2. கல்யாணத்துக்கு முன்னால் போவது. மே 3 வரை பள்ளி, ஒரு வாரம் முன்னாலேயே கல்யாண வேலை.
3. பிறகு போவது. மறுவீடு, விருந்து எல்லாம் முடிய 15. பள்ளி 19.
4. மாட்டேன் என்று சொல்வது. அப்பா அம்மா போன பிறகு பெரியம்மா வீடுதான் எனக்குப் பிறந்த வீடு. என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தது பெரியப்பா.

இவரிடம் கேட்டேன். "உங்க பக்கத்து விசேஷம். நான் என்ன சொல்றது?" என்று செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார். இது ஒரு பெரிய நியாயம்.

மார்ச் 23, ஞாயிறு

சூலூர் போனேன். பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். "பெரியம்மா, எனக்கு ஒரு பயணம் இருக்குதுங்க." ஐந்தே சொல்.

வீடு நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம். பெரியம்மா என் தலையைப் பிடித்துத் திருஷ்டி கழித்தார். எனக்கு எடுக்கப்போகிற பட்டு என்ன நிறம் என்று இரண்டு பேர் சண்டை. பத்திரிகையில் என் பெயர் எந்த வரியில் வரும் என்பது வரை பேசி முடித்திருந்தார்கள். ஐந்து சொல்லையும் காபி குடித்து உள்ளே தள்ளினேன்.

வனிதா பின்கட்டில். கல்யாண வேலை முழுக்க அவள் தலையில்தான். சமையல்காரர், பந்தல், பத்திரிகை கொடுக்க வேண்டிய ஊர்கள், எல்லாம் அவள் எழுத்தில். ஆனால் கூடத்தில் தட்டு மாற்றுகிற பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். யாரும் போகச் சொல்வதில்லை. அவளாகவே. சக்திக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தவள் அவள். நான் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு தடவை போனேன்.

சொல்லாமல் திரும்பினேன். கையில் பதினைந்து தேங்காய்.

மார்ச் 26, புதன்

தேர்வறைக் கண்காணிப்பு. மின்விசிறி ஓடவில்லை. சும்மா நடக்கும்போது சட்டென்று: வனிதாவே செய்யட்டுமே. அவளுக்குத்தானே உரிமை அதிகம். இது என்ன காலம், இன்னுமா இந்தக் கட்டுப்பாடு.

மதியம் சக்தியைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் தறிச் சத்தம். வெளியே நடந்து வந்து பேசினான். "எனக்கும் அதே நெனப்புத்தானுங்க்கா. நான் சொன்னா அம்மா அழுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நல்ல பையன். எனக்கு நெஞ்சில் ஐஸ் வைத்தது போல இருந்தது. மாலை விடுதிப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். போனில்தான். நேரில் தைரியம் இல்லை.

செய்த முட்டாள்தனம்: இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். வனிதா செய்யட்டும் பெரியம்மா, எனக்கும் அந்த வாரம் பிரான்ஸ் போக ரூம் போட்டிருக்கிறேன் என்று. பெரியம்மா முழுசாகக் கேட்டார். அப்புறம், "ஊரு என்ன பேசும் கண்ணு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் வனிதா போன். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இன்றைக்கும் உயரவில்லை.

"உங்களுக்கு ஊருக்குப் போகோணும். அதுக்கு நான் வேணும். அப்படித்தானுங்க்கா?"

அவளே, "வெச்சர்றேனுங்க" என்று வைத்துவிட்டாள்.

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன். கல்யாணம் ஜூனில் இருந்திருந்தால் வனிதா பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். பட்டைக் கட்டிக்கொண்டு நானே போய் நின்றிருப்பேன், அவள் அடுப்படியில் இருப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு. வெட்கமாக இருக்கிறது. அதற்காகப் போக வேண்டாம் என்றும் தோன்றவில்லை. இரண்டும் இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

சென்னை. வியர்வையில் கைரேகை பதியவில்லை, துடைத்துத் துடைத்து மூன்று தடவை. மேசையில் இருந்த பெண் விடுதி ரசீதைப் பார்த்துவிட்டு, "தனியாவா மேடம்?" "தனியாத்தான்." அதைச் சொல்லும்போது மட்டும் ஒரு மிதப்பு.

திரும்பும் ரயிலில், ஈரோடு தாண்டினதும் சக்தி போன். வீட்டில் பேசிவிட்டானாம். வனிதா உட்கார்ந்தால் இணைச்சீர், இல்லையென்றால் அந்தச் சீரே வேண்டாம் என்று. சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரரிடமும் இவனே போய்க் கேட்டிருக்கிறான். அவர் வெற்றிலையை மென்று முடித்து, "கூடப் பொறந்தவதான? ஒக்காரட்டும்" என்றாராம். பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட்டார். பாக்கி, வனிதா சரி என்று சொல்வது ஒன்றுதான்.

ரயிலில் சன்னமாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வனிதா வந்தாள். சொல்லாமல், சூலூர் பஸ்ஸில், மதியம் இரண்டு மணி வெயிலில். மோர் கொடுத்தேன். ரொம்ப நேரம் யாழினியின் படிப்பைப் பற்றியே பேசினாள். யாழினி உள்ளே போன பிறகு, அந்த ரூமைக் காட்டுங்கக்கா என்றாள்.

காட்டினேன். கட்டில், நாற்காலி, ஜன்னல். விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டாள். சந்துதான் தெரியும் என்றேன். நன்றாக இருக்கிறது என்றாள், மனதாரத்தான்.

அப்புறம் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நான் ஒக்கார்றேனுங்க்கா. எனக்கு ஆசைதான். ஆனா நீங்க மண்டபத்துல இருக்கோணும். நீங்க ஊருக்குப் போய்ட்டு நான் ஒக்காந்தா, ஆள் இல்லாததுக்கு இவள ஒக்கார வெச்சாங்கன்னு ஆயிரும். நீங்க இருந்து, எனக்கு எடம் உட்டுக் குடுத்தா, அது வேறங்க."

அவள் டம்ளரில் மறுபடி மோர் ஊற்றினேன்.

"நீங்க போறதுன்னா போங்க. நெசமாத்தான் சொல்றேன். நான் அடுப்படியப் பாத்துக்கறேன். எனக்குப் பழக்கந்தான்."

மிரட்டவில்லை. அழவில்லை. மோர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு 4.10 பஸ்ஸுக்குப் போனாள். அவள் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று பொழுது இறங்கும்வரை தேடிப் பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கூரியர். பாஸ்போர்ட். விசா கிடைத்திருக்கிறது. மே 8 முதல் 24 வரை செல்லும். என் படம் கறுப்பு வெள்ளையில், திருட்டு முழி. யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் வராதாம்.

இவர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை செய்தித்தாளைத் திருப்பவில்லை. "நாளைக்குள்ள ரத்துப் பண்ணலீன்னா காசு போயிருமா?" என்றார். ஆமாம் என்றேன். "போனாப் போவுது. ரெண்டு நாள் யோசி" என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது.

யாழினிதான் கத்தினாள். நீ போ, வனிதா சித்தி எப்படியாவது சமாளிப்பாங்க என்றாள். அவள் ஏன் எப்போதும் சமாளிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "அப்ப நீ மட்டும் ஏன்?" என்றாள். கதவைச் சாத்தும் முன், "உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டேன்னு நாளைக்கு என்கிட்ட மட்டும் சொல்லாதம்மா" என்றாள்.

பதினாறு வயதுக்கு வாய் அதிகம். எங்கே கற்றாள் என்றும் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

கோடை மழை, மதியம் பத்து நிமிஷம். புழுக்கம் கூடினதுதான் மிச்சம்.

பள்ளியில் இடைவேளையில், ஆசிரியர் அறை மூலையில், ரத்து செய்தேன். காரணம் கேட்டது. தேதி மாறியது, வேறு விடுதி கிடைத்தது, ஆள் எண்ணிக்கை மாறியது, சொல்ல விருப்பமில்லை. தேதி மாறியது என்பதைத் தொட்டேன். பொய். எந்தத் தேதியும் மாறவில்லை, அதுதானே சங்கதி.

விடுதிக்காரம்மாவுக்கு எழுதினேன். தம்பிக்குக் கல்யாணம், நான் இருந்தே ஆக வேண்டும், மன்னிக்கவும். இந்தத் தடவை மூன்றே வரி. மன்னிப்பு ஒன்றே ஒன்று. பதில்: "வாழ்த்துகள். மே மாதம் எப்படியும் காற்று அதிகம்."

அதைப் படித்த பிறகுதான் அழுகை வந்தது. கணக்கு டீச்சர், கண்ணில் தூசியா என்றார். ஆமாம் என்றேன்.

மே 11, ஞாயிறு

முகூர்த்தம் 7.30. மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. அருமைக்காரர், "மாப்பிள்ளைக்குப் பொறந்தவ வாம்மா" என்றார். எல்லோர் கண்ணும் என் மேல். நான் வனிதாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டேன். ஒரு பத்து நொடி, மேளம் மட்டும். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, என் முகத்தைப் பார்த்து அடங்கியது. சேலை முனையை வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டாள். சக்தி தன் பக்கத்து முனையை லேசாக ஒரு இழு இழுத்தான், சின்ன வயசில் அவள் சடையை இழுப்பானே, அது போல. சிரித்துவிட்டாள். பெரியம்மா மூக்கைச் சிந்தினார்.

அங்கே அப்போது விடியற்காலை நாலு. அந்த அறையில் வேறு யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மே 24, சனி

இன்றோடு விசா முடிகிறது. மாவு ஆட்டினேன்.

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். காற்று தொடங்கிவிட்டது, கரும்பலகைப் பக்கத்து ஜன்னல் ஓயாமல் அடித்துக்கொள்கிறது. எட்டாம் வகுப்பு பி. முதல் பாடம். பாலத்தின் படம். ஒரு பெண் வந்தவராகவும் ஒரு பெண் விடுதிக்காரராகவும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

முதல் வரியிலேயே நிறுத்தினாள் ஒருத்தி. புதுப் பிள்ளை, இரட்டைச் சடை. "மிஸ், நீங்க பிரான்ஸ் போயிருக்கீங்களா?"

இன்னும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "விசா இருந்துச்சு" என்று வந்தது.

வகுப்பே நிமிர்ந்தது. "அப்பறம் ஏன் மிஸ் போகல?"

பாடத்தைப் பார், அடுத்த வரியைப் படி என்றேன். படித்தாள். ஓர் ஆளுக்கு ஓர் அறை வேண்டும். மற்றவள், விடுதிக்காரர், விரலை வரியில் வைத்துக்கொண்டு திக்கித் திக்கி: எத்தனை இரவுகளுக்கு?